பிளாஸ்டிக்குக்குப் பிடித்த துரு

அந்த உலகத்தில் சூரியன் பாதி அணைந்துவிட்டது. மீதிப் பாதியை யார் அணைப்பது என்பதில்தான் சண்டை. அங்கே மனிதர்கள் சிரிப்பதில்லை. மண்டையோடுகள் சிரிக்கின்றன, அவற்றுக்கு வேறு வழியில்லை. துப்பாக்கிப் பிடியில் மண்டையோடு, தலைக்கவசத்தில் மண்டையோடு, கதவுத் தாழ்ப்பாளில்கூட ஒரு குட்டி மண்டையோடு. வெள்ளைக்கொடியோடு சமாதானம் பேச வருகிறவனை முதலில் சுட்டுவிட்டு, கொடியைத் துடைதுணிக்கு வைத்துக்கொள்வார்கள்.

இத்தனை கொடூரத்தையும் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திவருகிறவர்கள் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள். ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஒருவர் பேருந்து ஓட்டுகிறார். எல்லாரும் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். மாலைக்குள் ஒரு கிரகத்தையே கொளுத்திச் சாம்பலாக்கிவிட்டு, போகும்போது நாற்காலிகளை இருந்த இடத்தில் இழுத்துப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள்.

படை என்பது கட்டைவிரல் உயரப் பொம்மைகள்தான். ஆனால் 'பொம்மை' என்ற சொல்லை அந்த மாடியில் யாரும் உச்சரிக்கக் கூடாது. 'மினியேச்சர்' என்று சொல்ல வேண்டும். சாம்பல்நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் கை வேறு கால் வேறாகப் பெட்டியில் வரும். வெட்டி, ராவி, ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசையில் நிறுத்திப் பகடை உருட்ட வேண்டும். பெட்டியில் போட்டிருக்கிறபடியே ஒட்டினால் அது வெறும் கைவேலை. ஒருத்தன் கையை வெட்டி இன்னொருத்தன் தோளில் வைத்து, டாங்கியின் வயிற்றைக் கிழித்துக் கைக்கடிகாரத்தின் குடலை உள்ளே திணித்து, வேறு எவனிடமும் இல்லாத ஒன்றைப் பண்ணினால்தான் மரியாதை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மாத்திக் கட்டுறது'. "இந்த மாசம் ஒண்ணு மாத்திக் கட்டலாம்னு இருக்கேன்" என்று போனில் பேசி, பக்கத்தில் நின்ற மனைவியிடம் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண். பல்செட் செய்கிற லேப் ஒன்றில் வேலை. பிறர் வாய்க்குள் போகப்போகும் பற்களை மெழுகில் செதுக்கி, ஈறுக்கு ரத்தவோட்டம் இருப்பதுபோல வண்ணமேற்றி அனுப்புகிறவள். ஆகவே அங்கே அவள் பெயர் 'பல்லு மேடம்'. வீட்டில் மருமகள்.

இந்த விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார். அவரைத் 'தளபதி' என்று கூப்பிட வேண்டும். அவரே அப்படித்தான் முதலில் அறிமுகம் செய்துகொண்டார். வாரநாட்களில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். அப்போது, "கேஸ் போயிருச்சு சார், பாத்துக்கலாம்" என்று பணிவாகப் பேசுகிற அதே வாய், ஞாயிறன்று மாடி ஏறியதும் அடித்தொண்டைக்கு இறங்கிவிடும். அந்த உலகத்தின் சரித்திரம் முழுக்க அவருக்கு அத்துப்படி. நடந்தே இராத பத்தாயிரம் வருடத்தில் எந்தப் படை எந்தக் கோளில் எந்தக் காலணி போட்டிருந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார். சொந்தத் திருமணநாள் கொஞ்சம் தடுமாறும்.

வருடத்துக்கு ஒரு முறை பெரும்போர். அன்று நடுமேசையில் எது நிற்கலாம், எது நிற்கக்கூடாது என்று அவர்தான் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வார். போன வருடம் பல்லு மேடத்தின் படையை அப்படிப் பார்த்துவிட்டு, டார்ச்சை அணைத்து, ஒரே ஒரு சொல் சொன்னார்.

"சுத்தம்."

அறையே உச்சுக்கொட்டியது. ஊழிக்காலத்து வீரன் சேற்றிலும் ரத்தத்திலும் ஊறியவனாக இருக்க வேண்டும். அவளுடைய வீரர்களோ பல் விளக்கிக் குளித்துவிட்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்ததுபோல நின்றார்கள். வேலைப் பழக்கம் அது. லேபில் ஒரு கறை தெரிந்தால் செட்டே திரும்பி வந்துவிடும். படையை ஜன்னலோர மேசைக்கு, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். ஒருவர் அவள் டாங்கியின் மேலேயே பிஸ்கட்டை வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் நடுமேசை. வீட்டுக்கு வந்து கணவனிடம் அவள் சொன்னது அவ்வளவுதான்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போய்வந்து யாருக்கும் வலிக்காமல் நிறுத்துவது அவன் தொழில். வீட்டிலும் அதே தொழில்தான். "அழுக்கு பண்றதுதானே? என் வேலைச் சட்டையைப் பாத்து வரைஞ்சுக்கோ" என்றான்.

அவள் அதோடு நிற்கவில்லை. தெருவில் போகும்போது குப்பைத்தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்துவிடுவாள். பேருந்து நிலையத்துத் தகரக்கூரை, மழைநீர்க் குழாயின் மூட்டு, நாள்பட்ட கம்பிக்கதவு என்று ஒன்று விடாமல் முகத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பாள். "ஏதாவது தொலைச்சிட்டாங்களா?" என்று போகிறவர்கள் விசாரிப்பார்கள். "ஆமாங்க, தேடிட்டிருக்கா" என்று கணவன் தள்ளி நின்று பதில் சொல்வான்.

அப்படிப் பிறந்தவன்தான் பல்லிளிச்சான். முழங்கை உயரத்துக்கு ஒரு நடக்கும் போர் இயந்திரம். இரண்டு டாங்கிகளை முதுகோடு முதுகாக ஒட்டிய உடம்பு, விளையாட்டு நண்டிடமிருந்து பறித்த கால்கள், கிதார் கம்பியில் முறுக்கிய குழாய்கள். முகத்தில் மட்டும் கண் இல்லை, மூக்கு இல்லை. கோட்டைக்கதவு மாதிரி ஒரு வாய். அந்த வாயில் லேபில் கழித்துப்போட்ட செயற்கைப் பற்கள் இரண்டு வரிசையாக, பக்கத்தில் நிற்கும் வீரனின் தலையைவிடப் பெரிதாக. ஒவ்வொரு பல்லும் வேறு வேறு யாருக்கோ பொருந்தாமல் போனது. கடைவாயில் ஒன்று சொத்தை. சொத்தைக்குள் ஒரு போர்வீரனின் பூட்ஸ் கால் மட்டும் தெரியும். மீதி ஆள் என்ன ஆனான் என்று பார்க்கிறவர்களே யோசித்துக்கொள்ள வேண்டியது.

பல்லும் ஈறும் அவளுக்குக் கைவந்த கலை. துருதான் மாதக்கணக்கில் அவளை அலைக்கழித்தது. முதலில் அடிவண்ணம். அதன்மேல் வார்னிஷ். அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில், ஒரே மயிர் நிற்கிற பிரஷால், ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஒரு கோடு. கோடு காய்வதற்குள் டர்பன்டைனில் லேசாக நனைத்த இன்னொரு பிரஷால் அதைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும், மழை இழுக்கிற மாதிரி. வண்ணத்தைப் போடுவது பாதி வேலை. போட்டதை எடுப்பது மீதிப் பாதி. கடைசியாகச் சுண்ணாம்புத்தூள்போல அரைத்த செந்நிறப் பொடியை மூலைகளில் தூவி விடுவாள். அதைத் தூவும்போது தும்மினால் போச்சு. மூச்சை அடக்கிக்கொண்டு செய்துவிட்டு, சாதித்த சந்தோஷத்தில் டீ டம்ளர் என்று நினைத்துப் பிரஷ் கழுவிய தண்ணீரைக் குடித்திருக்கிறாள். இந்தக் கலையில் அதைக் குடிக்காதவர் யாருமில்லை.

பெரும்போருக்கு முந்திய வெள்ளிக்கிழமை, எல்லாம் முடிந்து, துருவைப் பிடித்துநிறுத்துகிற கடைசி வார்னிஷ் மட்டும் பாக்கி. வெளியே தூறல். ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். நாளைக்கு வெயில் வந்ததும் அடிக்கலாம் என்று மேசையிலேயே வைத்துவிட்டு லேபுக்குப் போனாள்.

வீட்டில் மாமனார் இருந்தார்.

மாமனார் இரும்பைக் காத்து ஓய்வு பெற்றவர். பாலம், தண்ணீர்த் தொட்டி, கப்பல் என்று எதையும் விடாமல் துருவைப் பரிசோதித்துச் சுரண்டவைத்து வண்ணம் அடிக்கவைக்கும் பெரிய மேற்பார்வையாளராக இருந்தார். "இரும்புக்கு எதிரி ரெண்டே ரெண்டு. ஒண்ணு காத்து, இன்னொண்ணு கவனக்குறைவு" என்பது அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் சொல்லிவிடுகிற வாசகம். துருவை வாசனையிலேயே கண்டுபிடிப்பேன் என்பார். ஓய்வு பெற்றும் கைகால் ஓயாததால் உறவுக்காரர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'துருதுரு'. இப்போது ஊரில் அவருடைய சொந்த வீட்டில் வண்ணமடிப்பு நடக்கிறது. அவருடைய மேற்பார்வை தாங்காமல் வண்ணக்காரர்களே மகனுக்குப் போன் செய்து, "சார், அப்பாவைக் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போயிருங்க, வேலையை முடிச்சுத் தந்துர்றோம்" என்று கெஞ்சி அனுப்பிவைத்திருந்தார்கள்.

சாயங்காலம் மருமகள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் அவள் மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைக்கை சுருட்டியிருந்தது. முகத்தில், பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் மறைத்துவைத்திருக்கும் களை.

"வாம்மா. கண்ணை மூடிட்டு வா."

"என்ன மாமா?"

"உன் மிஷினு ஒண்ணு இங்க கவனிப்பார் இல்லாம கிடந்துச்சு. பாத்ததும் மனசு கேக்கல. மூட்டு மூட்டா துரு! இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது. நல்லவேளை டர்பன்டைன் பக்கத்துலயே இருந்துச்சு. பழைய பல்விளக்குற பிரஷ்ஷை வெச்சு ஒரு இண்டு இடுக்கு விடாம..."

பல்லிளிச்சான் பளபளவென்று நின்றான். ஆணிக்குக் கீழே ஒரு கோடு இல்லை. மூலையில் ஒரு பொடி இல்லை. நண்டுக்கால் ஒன்றில் புத்தம்புது ரெட் ஆக்சைடு செக்கச்செவேலென்று ஈரமாக மின்னியது. துருவைத் தடுக்கிற அடிவண்ணம்.

"ஒரு கால் முடிச்சேன். மிச்சத்துக்கு உன் அனுமதி வேணும்னு நிறுத்திட்டேன். என்ன, எப்படி இருக்கு?"

மருமகள் பார்த்தாள். தொண்டைக்குள் வந்ததையெல்லாம் விழுங்கினாள். விழுங்க முடியாமல் ஒன்று மட்டும் வெளியே வந்தது.

"சுத்தம்."

மாமனார் முகம் மலர்ந்தது. "பின்னே? ஆயுசு முழுக்கப் பண்ண வேலையாச்சே!"

அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. கணவன் வேலை முடிந்து வந்தான், மேசையைப் பார்த்தான், தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டான். விஷயம் புரிந்தது. அப்பாவைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்பா, என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்ன பண்ணேன்? துருவை எடுத்தேன்."

"அது துரு இல்லப்பா."

"எனக்கா சொல்ற? துருவை நான் பாத்ததில்லையா?"

"அது பிளாஸ்டிக்."

மாமனார் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. மாமனாரும் நிறுத்திக்கொண்டார்.

"எடை கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சு," என்றார். "அலுமினியம்னு நெனச்சேன்."

"அலுமினியமும் துருப் பிடிக்காதேப்பா."

மாமனார் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பித்தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவள் வரைந்தது, மாதக்கணக்கில் மூச்சை அடக்கி வரைந்தது, நாளை மறுநாள் நடுமேசைக்குப் போக வேண்டியது என்று மகன் லிஃப்ட் மாதிரி ஒவ்வொரு மாடியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"வரைஞ்சதா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "டேய், அவகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா இது வெளிய போகக் கூடாதுடா. என்கூட வேலை பாத்தவங்க காதுல விழுந்துச்சு... துருதுரு பிளாஸ்டிக்கைச் சுரண்டினான்னு..."

"அந்தப் பேரு உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும் போடா."

மறுநாள் வெயில் வந்தது. மருமகள் ரெட் ஆக்சைடைத் துடைத்தெடுத்தாள். நல்லவேளையாக அடிவண்ணம் வார்னிஷுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. காலையிலேயே விளக்கைப் போட்டு, கண்ணுக்கு லென்ஸ் மாட்டி, முதல் ஆணியிலிருந்து தொடங்கினாள். மாமனார் வாசலில் வந்து நின்றார். யார் வீட்டுக்குள்ளும் எந்தக் கப்பலுக்குள்ளும் கேட்டு நுழைந்து பழக்கமில்லாதவர்.

"நான் உள்ள வரலாமாம்மா?"

"வாங்க மாமா. தொடாம உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் கோடு போட்டாள், இழுத்தாள். கோடு போட்டாள், இழுத்தாள். சும்மா இருந்த ஒரு பிளாஸ்டிக் தகடு அவர் கண்ணெதிரே கிழடு தட்டியது. தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் கருஞ்சிவப்பு, காற்றுப் படுகிற விளிம்பில் ஆரஞ்சு. மழை வழிந்த தடம், அந்தத் தடத்தின்மேல் போன வருடத்து மழை வழிந்த தடம். "அந்தக் குழாய்க்குக் கீழ..." என்று அவர் வாயெடுப்பதற்குள் பிரஷ் அங்கே போயிருந்தது. வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

மத்தியானத்துக்குள் பல்லிளிச்சானின் ஒரு பக்கம் முழுக்கத் துரு தின்றுவிட்டது. மாமனாரின் வலது கை தானாக எழுந்து துணியை நோக்கிப் போயிற்று. அவரே பார்த்து, இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதம்மா," என்றார். "பிளாஸ்டிக்னு புத்திக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

ஒற்றை மயிர் பிரஷைப் பல்லில் கடித்திருந்தவள் அதை எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

ஞாயிறன்று யாரோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதால் கணவன் ஓட வேண்டியதாயிற்று. பெட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவரும் பொறுப்பு மாமனாருக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தார்.

தளபதி டார்ச்சை எடுத்தார். கூட்டம் சுற்றி நின்றது. வாய்க்குள் வெளிச்சம் அடித்தார். சொத்தைக்குள் பூட்ஸைப் பார்த்ததும் புருவம் ஏறி இறங்கியது. உடம்பில் அடித்தார். நெடுநேரம் அடித்தார். பாராட்டு தொண்டைவரை வந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் தளபதி என்றால் சும்மாவா?

"வேலை... வேலைதான்," என்றார் அடிக்குரலில். "ஆனா சரித்திரப்படி இது தப்பு. இந்த வகை இயந்திரத்தை வார்க்கிறது கருஞ்சாவு உலோகத்துல. அது துருப் பிடிக்காது. ஏழாம் ஊழியிலேயே எழுதியாச்சு. வருத்தந்தான். ஜன்னலோர மேசை."

மருமகளின் கை பெட்டி மூடியில் நின்றுவிட்டது. நடந்திராத ஒரு காலத்தில், இல்லவே இல்லாத ஓர் உலோகத்துக்கு, துருப் பிடிக்காது என்று யாரோ எழுதிவைத்ததற்கு என்ன பதில் சொல்வது?

"துருப் பிடிக்காத உலோகமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எந்த மடையன் எழுதினான்?"

தளபதி திரும்பினார். "ஐயா யாரு?"

"இவ மாமனார். இரும்பு பரிசோதனையில இருந்தவன். துருப் பிடிக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையெல்லாம் ஏணி வெச்சு ஏறிச் சுரண்டினவன் நான்."

"அது நம்ம உலகம் ஐயா. இது வேற. இங்க நீங்க சொல்ற துரு..."

"நான் சொல்ல வரது அது இல்ல." மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி செருமினார். மருமகளைப் பார்க்காமல், எதிரிலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழமை, இதையும் சுரண்டினேன்."

"எதை?"

"இந்தப் பொம்மையைத்தான்." சொல்லக் கூடாத அந்தச் சொல்லுக்காக யாரும் அவரை விரட்டவில்லை, அது யார் காதிலும் விழவே இல்லை. "நிஜத் துருன்னு நெனச்சு, பிரஷ் வெச்சுத் தேய்ச்சு, அடிவண்ணம் வரைக்கும் போனேன். பிளாஸ்டிக்னு என் பையன் சொல்லித்தான் தெரியும். இவ நேத்து முழுக்க உக்காந்து திரும்பப் போட்டா. போதுமா?"

மருந்துக்கடைக்காரர் முதலில் சிரித்தார். பேருந்து ஓட்டுநர் முட்டியைத் தட்டிச் சிரித்தார். மாடியே சிரித்தது. மாமனார் காது சிவக்க, அசையாமல் நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

தளபதி மட்டும் சிரிக்கவில்லை. "நிஜமாவா சார்?" என்றார். அடித்தொண்டை எங்கேயோ போய்விட்டது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து பேசுகிற சாதாரணக் குரல் வந்திருந்தது. "இரும்புக்காரரே ஏமாந்தாரா?" டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கண்ணால், மூக்கு உரசுகிற தூரத்துக்குக் குனிந்தார். "மேடம்... இந்தக் கோட்டை எப்படி இழுத்தீங்க? நான் இழுத்தா திட்டுத் திட்டா நின்னுருது. ரெண்டு வருஷமா பாக்கறேன், வரவே மாட்டேங்குது."

"டர்பன்டைனைத் துடைச்சிட்டு இழுக்கணும் தளபதி. பிரஷ்ல ஈரம் இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருக்கணும்."

"சந்தேகமா இருக்கணும்," என்று தளபதி மனப்பாடம் செய்வதுபோல முணுமுணுத்தார். நிமிர்ந்ததும் தாம் யார் என்பது ஞாபகம் வந்துவிட்டது. "ஏழாம் ஊழியில கலப்படம் நடந்திருக்கு. அதுக்கும் ஆதாரம் இருக்கு. நடுமேசை!"

அவளே இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தாள். இடிந்த கோபுரங்களுக்கும் எரிந்த நகரத்துக்கும் நடுவே பல்லிளிச்சான் நின்றான். எதிரில் நின்ற படைகள் சட்டென்று புதுத்துணி உடுத்தி வந்தவைபோலத் தெரிந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போர் தொடங்கியது. மருந்துக்கடைக்காரர் தம் பீரங்கியைத் திருப்பினார், பகடைகளை உள்ளங்கையில் குலுக்கினார், உருட்டினார். எல்லாவற்றிலும் ஆறு.

"ஐயையோ," என்றார் அவரே.

பல்லிளிச்சான் முதல் சுற்றிலேயே செத்தான்.

மாமனார் பாய்ந்து வந்தார். "என்னது? முடிஞ்சுதா? ஒரு உருட்டுக்கா? இன்னொரு தடவை உருட்டச் சொல்லும்மா! எவ்வளவு வேலை அது! நான் என் மானத்தையே இங்க..."

"விடுங்க மாமா. புதுசா வண்ணம் அடிச்சது முதல்ல சாகும். எப்பவும் அப்படித்தான்."

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு? மேசையில நின்னா எல்லாரும் மூணு அடி தள்ளி நின்னுதான் பாக்கணும். செத்தா ஸ்டூல்ல வைப்பாங்க. கையில எடுத்துப் பாக்கலாம்."

அவள் அவனை எடுத்து மூலையிலிருந்த ஸ்டூலில் வைத்தாள். பேருந்து ஓட்டுநர் தம் படையை அம்போவென்று விட்டுவிட்டு முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். பீரங்கி அடித்த பாவத்துக்கு மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் தயங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தார். சொத்தைப் பல்லுக்குள் பார்த்து, "அடப்பாவமே, ஆளைத் தின்னுருக்கு" என்றார்.

"முறை யாருது? களத்துக்கு வாங்க! உலகம் அழிஞ்சிட்டிருக்கு!" என்று தளபதி நடுமேசையிலிருந்து கர்ஜித்தார். யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை கர்ஜித்தார். பிறகு, ஆள் இல்லாத உலகத்தை அப்படியே விட்டுவிட்டு, அவரும் டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு ஸ்டூல் பக்கம் வந்து, முன்னால் நின்றவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.